வந்த பூவும் வராத பூவும்

ஓசூருக்குக் குடிவருகிறவர்களை ஒரு வினோதமான ஆசை பிடித்துக்கொள்கிறது. மதுரையிலும் திருநெல்வேலியிலும் இருந்த காலத்தில் வாசலில் ஒரு செம்பருத்தி, கொல்லையில் ஒரு பவளமல்லி என்பதற்கு மேல் ஆசைப்படாதவர்கள், இங்கே வந்து ஒரு மார்கழிக் காலையில் வாயிலிருந்து புகை வருவதைக் கண்டதும், "அட, சீமைக் குளிராயிற்றே!" என்று பூரித்துப்போகிறார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த ஊரைக் குட்டி இங்கிலாந்து என்று அழைத்ததாக யாராவது அவர்கள் காதில் போட்டும் விடுகிறார்கள். அவ்வளவுதான். அடுத்த வாரமே விதைப் பட்டியலைப் புரட்டத் தொடங்கிவிடுவார்கள்.

பட்டியலில் படங்கள் அழகாக இருக்கும். அதிலே ஒரு பக்கத்தில் ஸ்வீட் பீ; இன்னொரு பக்கத்தில் பியோனி. முதலாவது, வண்ணத்துப்பூச்சிகள் சிறகு விரித்து ஒரு காம்பில் வரிசையாக உட்கார்ந்த மாதிரி இருக்கும் கொடிப் பூ. இரண்டாவது, ஒரு கைக்குள் அடங்காத பெரிய பூ. ரோஜாவைப் போல் இதழ்மேல் இதழாக அடுக்கியது. பார்த்தால் பட்டுப் புடவையைச் சுருட்டிவைத்தாற்போல இருக்கும். படத்தில் இரண்டும் ஒரே அளவு, விலையிலும் அத்தனை வித்தியாசம் தெரியாது. "இரண்டில் எதை வைக்கலாம்?" என்று இரண்டொருவர் என்னிடமே கேட்டதுண்டு. கதை எழுதுகிறவனிடம் தோட்டத்தைப் பற்றிக் கேட்பது, ஜோசியரிடம் பல்வலிக்கு மருந்து கேட்பது போலத்தான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் பாதி தாவர சாஸ்திரத்திலும் பாதி சரித்திரத்திலும் இருக்கிறது. சரித்திரம் என்றால் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டல்லவா?

முதலில் ஸ்வீட் பீயை எடுத்துக்கொள்வோம். தமிழில் இதற்குப் பெயர் கிடையாது. இனிப்புப் பட்டாணி என்று மொழிபெயர்த்தால் பூ நேராகச் சமையலறைக்குப் போய்விடும். போகக்கூடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதன் விதை விஷம். நம் நாட்டில் பஞ்ச காலங்களில் ஏழைகள் தின்று காலை முடக்கிக்கொண்ட கேசரிப் பருப்பு இருக்கிறதே, அதற்கு இது ஒன்றுவிட்ட சகோதரி. குழந்தைகள் உள்ள வீட்டில் காய்களைக் கொடியிலேயே விட்டுவைக்கக் கூடாது.

பிறந்த இடம் சிசிலித் தீவு. பிரான்சிஸ் குபானி என்ற கிறிஸ்தவத் துறவி அங்கே காட்டில் இந்தக் கொடியைக் கண்டு, அதன் மணத்தில் மயங்கி, 1690களில் எழுதிவைத்தார். 1699ஆம் வருஷம் இங்கிலாந்தில் என்ஃபீல்டு என்ற ஊரில் பள்ளிக்கூடம் நடத்திய ராபர்ட் யுவெடேல் என்பவருக்குக் கொஞ்சம் விதை அனுப்பிவைத்தார். நடந்தது இவ்வளவுதான். படையெடுப்பு இல்லை, கப்பல் நிறைய மண் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. ஒரு துறவி ஒரு வாத்தியாருக்கு ஒரு பிடி விதை அனுப்பினார். உலகத்தின் தோட்டங்களுக்குள் இந்தப் பூ நுழைந்தது அந்த வழியாகத்தான்.

அப்புறம் நூற்றைம்பது வருஷம் ஏதோ இருந்துகொண்டிருந்தது. அதைப் பெரிய மனுஷியாக்கியவர் ஹென்றி எக்ஃபோர்டு என்ற தோட்டக்காரர். ஷ்ராப்ஷயரில் வெம் என்ற சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, பொறுமையாகப் பூவோடு பூவைக் கலந்து, புதிய நிறங்களையும் பெரிய பூக்களையும் உண்டாக்கினார். 1900ல் லண்டன் பளிங்கு மாளிகையில் இந்தப் பூவுக்கு இருநூறாவது வருஷக் கொண்டாட்டமே நடத்தினார்கள். அதன் பிறகு ஸ்பென்சர் பிரபுவின் தோட்டக்காரர் சைலஸ் கோல் அலை அலையாக மடிந்த இதழ்களுள்ள ஒரு வகையைக் காட்டினார். சீமை பைத்தியம் பிடித்து அலைந்தது. 1911ல் 'டெய்லி மெயில்' பத்திரிகை சிறந்த ஸ்வீட் பீ கொத்துக்கு ஆயிரம் பவுன் பரிசு என்று அறிவித்ததும், பல்லாயிரம் பேர் பூக்கொத்துகளை அனுப்பினார்கள். பரிசைத் தட்டிக்கொண்டு போனவர் ஸ்காட்லாந்துக் கிராமத்துப் பாதிரியார் ஒருவருடைய மனைவி. பாதிரியாருக்கும் மூன்றாம் பரிசு கிடைத்தது. கணவரைவிட மனைவி முந்திக்கொண்ட இந்தச் செய்தியை ஓசூர்ப் பெண்மணிகள் கவனிப்பார்களாக.

விஞ்ஞானிகளும் இதைச் சும்மா விடவில்லை. கேம்பிரிட்ஜில் பேட்ஸனும் பன்னெட்டும் இரண்டு வெள்ளைப் பூக்களைச் சேர்த்தபோது பிறந்த குழந்தை ஊதாவாக இருந்தது. வெள்ளைக்கும் வெள்ளைக்கும் ஊதா எப்படி வந்தது? இரு பெற்றோரிடத்தும் நிறத்துக்கு வேண்டிய ஆளுக்கொரு பாதி ஒளிந்திருந்தது என்று கண்டார்கள். 1905ஐ ஒட்டி, பூவின் நிறமும் மகரந்தத்தின் வடிவமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே சந்ததிக்குப் போகின்றன என்பதையும் இந்தக் கொடியில்தான் பார்த்தார்கள். பரம்பரை சாஸ்திரத்தில் அது ஒரு பெரிய வாசல்.

இனி பியோனி. இதன் கதை அரண்மனைக் கதை. சீனாவில் டாங் வம்ச அரசர்கள் காலத்தில், அதாவது 618க்கும் 907க்கும் இடையே, தலைநகரத்துச் செல்வர்கள் இந்தப் பூவின்மேல் கொட்டிய பணத்துக்கு அளவில்லை. பை ஜுயி என்ற கவி, அவர்கள் பூ வாங்கச் செலவிடும் தொகையை ஏழைக் குடியானவன் கட்டும் வரியோடு பக்கத்தில் வைத்துக் காட்டி ஒரு பாட்டே எழுதினார். வூ என்ற சக்கரவர்த்தினியைப் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. பனிக்காலத்தில் ஒருநாள் அவள் தன் தோட்டத்துப் பூக்கள் எல்லாம் மறுநாளைக்குள் மலர வேண்டும் என்று ஆக்ஞை பிறப்பித்தாளாம். எல்லாம் நடுங்கிக்கொண்டு மலர்ந்தன. பியோனி மட்டும் மறுத்துவிட்டது. கோபத்தில் அதை லோயாங் நகரத்துக்கு நாடு கடத்தினாள். அங்கே போய் அது ஜாம்ஜாமென்று பூத்தது. இன்றைக்கும் லோயாங் என்றால் சீனாவில் பியோனிதான்.

கதையாக இருந்தாலும், இதில் தாவரத்தின் சுபாவம் ஒளிந்திருக்கிறது. பியோனி அதிகாரத்துக்குக் கட்டுப்படாது, பருவத்துக்குத்தான் கட்டுப்படும். அதன் வேரில் மண்ணுக்கடியில் சிவப்புக் குருத்துகள் உண்டு. அவை விழித்தெழுவதற்கு முன்னால் நெடுந்தூக்கம் தூங்கவேண்டும். அந்தத் தூக்கத்துக்கு வேண்டியது உறைபனிக்குச் சற்று மேலே, சுமார் ஐந்து பாகைக்குக் கீழே நிற்கும் குளிர். அதுவும் ஓரிரு இரவு அல்ல, வாரக்கணக்கில். அது கிடைக்காவிட்டால் செடி இலை விடும், பூ விடாது.

இப்போது நம் ஊருக்கு வருவோம். பெங்களூரில் இதுவரை பதிவான மிகக் கடுமையான குளிர், 1884 ஜனவரியில் ஓரிரவு அடித்த 7.8 பாகை. பெங்களூரை ஒட்டி, ஏறத்தாழ அதே உயரத்தில் இருக்கும் ஓசூரும் இந்த விஷயத்தில் அதற்குத் தங்கைதான். நூற்றாண்டுகளில் ஒருநாள் வந்த குளிரே பியோனிக்குப் போதாது என்றால், நாம் போர்வைக்குள் சுருண்டு "ஸ்... என்ன குளிர்!" என்று சொல்லும் மார்கழி அதற்கு வசந்த காலம்!

இங்கே வந்த துரைமார்களுக்கு இந்த வருத்தம் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் பாராமகாலைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். கிருஷ்ணகிரியும் தர்மபுரியும் அதில் அடக்கம். ஓசூர்ப் பக்கம் 1799ல்தான் கைமாறியது. வேடிக்கை என்னவென்றால், ஏறக்குறைய அதே சமயத்தில், 1780களின் கடைசியில், அதே கம்பெனியின் ஆட்கள் சீனத்துக் கான்டனிலிருந்து மரப் பியோனியை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கே சர் ஜோசப் பாங்க்ஸ் அதற்காகக் காத்திருந்தார். கம்பெனிக்கு ஒரு கையில் பாராமகால், இன்னொரு கையில் பியோனி! இரண்டையும் ஒன்று சேர்க்க மட்டும் அதனால் முடியவில்லை.

பாராமகாலுக்கு வரி போட அலெக்ஸாண்டர் ரீடு என்ற காப்டனை அனுப்பினார்கள். அவருக்குக் கீழே வந்த இளைஞர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. பின்னால் சென்னை கவர்னராகி, 1827ல் பத்திகொண்டாவில் வாந்திபேதியில் மாண்டாரே, அவர்தான். தர்மபுரியில் குதிரைமேல் ஏறி ஊர் ஊராகச் சுற்றி நிலம் அளந்து, ரயத்துவாரி முறைக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் முக்கியமானவர். அந்த மனிதர் தர்மபுரியில் ஒரு தோட்டம் வைத்திருந்தார். அங்கே தங்கும் நாட்களில் தினம் ஒரு மணி நேரமாவது அதில் கழிப்பாராம். 1799ல் கன்னடக் கரைக்கு மாற்றல் வந்தபோது, அந்தத் தோட்டத்தைப் பிரிவது பழைய சிநேகிதர்களைப் பிரிவதைப் போல இருக்கிறது என்ற கருத்தில் கடிதம் எழுதினார்.

நான் சரித்திரப் புத்தகங்களில் படித்த துரைமார் கடிதங்களுக்குள் என் மனத்தைத் தொட்டது இதுதான். பகலெல்லாம் பிறத்தியாருடைய மண்ணுக்கு விலை போட்டவர், சாயங்காலம் ஒரு துண்டு மண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்திருக்கிறார். சீனக் கவி பூவையும் வரியையும் இரண்டு தட்டில் வைத்து நிறுத்தார். மன்றோவிடம் இரண்டும் ஒரே ஆளாக நடமாடின.

எல்லோரும் மன்றோவாக இருக்க முடியுமா? ஊரைத் தனக்காக மாற்றப் பார்த்தவர்களும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சேலம் கலெக்டராக இருந்த பிரெட் என்பவர், ஓசூரில் இங்கிலாந்துக் கெனில்வொர்த் கோட்டையைப் போலவே ஒரு மாளிகை எழுப்பினார். அவருக்கு நிச்சயித்த பெண், அப்படி ஒரு கோட்டை இருந்தால்தான் இந்தியாவுக்கு வருவேன் என்று சொன்னதாக ஊரில் ஒரு கதை. உண்மையோ பொய்யோ, நாவலாசிரியனுக்கு விட்டுவிட மனசு வராத கதை. அந்த மாளிகை இடிந்து சிதைந்தது. கல்லைச் சீமையைப் போல அடுக்கிவிடலாம். கல்லுக்குக் குளிர் வேண்டாம். பூ விஷயத்தில் அந்த ஜம்பம் பலிக்காது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தது பெங்களூர் லால்பாக். 1760ல் ஹைதர் அலி ஆரம்பித்து, திப்பு விஸ்தரித்த தோட்டம் அது. 1800ல் அந்தப் பக்கம் பிரயாணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், சுல்தான்களின் தோட்டங்களில் சைப்ரஸ் மரங்கள் நின்ற நடைபாதைகளையும், ரோஜாவுக்கு ஒரு சதுரம் மாதுளைக்கு ஒரு சதுரம் என்று பிரித்து வைத்திருந்ததையும் வர்ணித்திருக்கிறார். 1889ல் லண்டன் பளிங்கு மாளிகையை மனத்தில் வைத்து அங்கே கண்ணாடி மாளிகை கட்ட அஸ்திவாரம் போட்டார்கள். சீமையில் கண்ணாடி வீடு கட்டுவது உஷ்ணத்தை உள்ளே பிடித்துவைக்க. உஷ்ண தேசத்துச் செடி அதில் பிழைத்துக்கொள்ளும். பியோனியை இங்கே பிழைக்கவைக்க ஐஸ் வீடு அல்லவா கட்டவேண்டும்!

1908ல் அங்கே பொறுப்பேற்ற க்ரும்பிகல் என்ற ஜெர்மானியர் புத்திசாலி. டிரெஸ்டன் பக்கம் பிறந்தவர்; கியூவில் பயின்று, பரோடாவில் வேலை பார்த்து, மைசூருக்கு வந்தவர். பிறந்த ஊரின் பூக்களை நினைத்து அழுதுகொண்டிராமல், நம்மைப் போன்ற உஷ்ண தேசங்களின் மரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்று உதிரும்போது இன்னொன்று பூக்கும்படி பெங்களூர் வீதிகளில் நடவைத்தார். 1956ல் அந்த ஊரிலேயே கண்ணை மூடினார். சீமைப் பூக்களில் ஒரு வருஷத்தோடு ஆயுள் முடியும் குளிர்காலச் செடிகளைத்தான் இந்தப் பிரதேசத்துத் தோட்டக்காரர்கள் தக்கவைத்துக்கொண்டார்கள். ஸ்வீட் பீ அந்தக் கூட்டத்தில் ஒன்று. விதை போட்டு, மூன்று நான்கு மாதம் இதமான குளிர் கொடுத்தால் பூத்துக் கொட்டிவிட்டுப் போய்விடும். வருஷம் முழுவதும் நம்மோடு குடித்தனம் செய்ய அது கேட்பதில்லை. கோடையை நாம் தனியாக அனுபவித்துக்கொள்ளலாம்.

இன்னும் ஒரு பொருத்தம் இருக்கிறது. மார்கழியில் கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூர் வட்டாரம் முழுக்க அவரைக்காய் வாசனைதான். பனி விழ விழ அவரைக்கு மணம் ஏறும் என்பார்கள். ஸ்வீட் பீயும் அவரைக் குடும்பம். அதே பருவம், அதே பனி. வேரில் முடிச்சு முடிச்சாக இருந்துகொண்டு காற்றிலிருக்கும் நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்க்கும் குணமும் குடும்பச் சொத்து. சிசிலிக்காரியானாலும், நம் அவரைப் பந்தலுக்குப் பக்கத்தில் நின்றால் நாத்தனார் மாதிரி ஒட்டிக்கொள்வாள்.

வைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் முக்கியம். பட்டியலில் மிக அழகாகத் தெரியும் ஸ்பென்சர் வகைகள் நீண்ட பகலைப் பார்த்தால்தான் பூக்கும். பன்னிரண்டு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். நம் மார்கழிப் பகலோ சுமார் பதினொன்றரை மணிதான். பகல் நீளுவதற்குள் பங்குனி வெயில் கொடியைச் சுட்டுவிடும். இதற்காகவே அமெரிக்காவில் குடியேறிய ஸ்வோலானெக் என்ற பொஹீமியர், குறுகிய பகலிலும் பூக்கும் குளிர்கால வகைகளை உண்டாக்கினார். விதைப் பொட்டலத்தில் அந்த வகைதானா என்று பார்த்து வாங்குங்கள். புரட்டாசி கடைசியில் விதையை ஓரிரவு தண்ணீரில் ஊறவைத்து ஊன்றவேண்டும். ஊறாத விதையின் தோலை நகவெட்டியால் லேசாகக் கீறலாம். ஏறுவதற்குச் சுள்ளியோ வலையோ போதும். பூக்க ஆரம்பித்தால் தினமும் பறிக்கவேண்டும். காய் பிடித்ததோ, "வந்த வேலை முடிந்தது" என்று கொடி பூப்பதை நிறுத்திவிடும். பறிக்கப் பறிக்கப் பூக்கும் என்பதால், அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கிற கைக்குத்தான் இந்தப் பூ நன்றாக வரும்.

நம் பெண்கள் கேட்கும் முதல் கேள்விக்கும் பதில் சொல்லவேண்டும்: "தலையில் வைக்கலாமா?" முடியாது. மெல்லிய இதழ், நாரில் இறுக்கித் தொடுத்தால் கசங்கிப்போகும். இது ஜாடிப் பூ. நம்முடையது சரப் பூவின் நாகரிகம். மல்லிகை, கனகாம்பரம், சாமந்தி எல்லாம் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுப் பூவை மட்டும் கொண்டாடும் சம்பிரதாயம். சீமைக்காரனுக்குக் காம்பு நீளமாக இருந்தால்தான் பூ. நூறு வருஷம் அவன் இங்கே இருந்தும் ஸ்வீட் பீ கலெக்டர் பங்களாவைத் தாண்டி அக்ரஹாரத்துக்கும் குடியானவன் வீட்டுக்கும் போகாததற்கு இதுதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

காம்புள்ள பூ கடைசியில் ஓசூருக்குத் தொழிலாகவே வந்து சேர்ந்தது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980ல் மொபெட் வண்டியும் லாரியும், அப்புறம் கைக்கடிகாரமும் இங்கிருந்து புறப்பட்டன. கடிகாரத் தொழிற்சாலையில் பங்கு போட்ட அதே டிட்கோ, அமுதகொண்டப்பள்ளியில் டான்ஃப்ளோரா என்ற ரோஜாத் தோட்டத்திலும் பங்கு போட்டது. பாகலூர், பேரிகை, கெலமங்கலம் பக்கமெல்லாம் பிளாஸ்டிக் கூரைக்கடியில் 'தாஜ்மஹால்' என்ற சிவப்பு ரோஜா நீளக் காம்போடு வளர்ந்து, பிப்ரவரி 14க்கு முன்னால் விமானமேறிப் போகிறது. வெட்டிய பூவை இரண்டு முதல் நான்கு பாகைக் குளிர் அறையில் வைக்கிறார்கள். பியோனி தவம் கிடந்து கேட்ட குளிர் ஓசூரில் ஒரே ஒரு இடத்தில் உண்டென்றால், அது இந்த அறைக்குள்தான்! அலாஸ்காவில் இந்த நூற்றாண்டில் பியோனி பயிரிட்டு, மற்ற தேசங்களில் பருவம் முடிந்த பிறகு விற்றுப் பணம் பண்ணுகிறார்கள். அங்கே குளிர்தான் முதல்; நமக்கு வெயிலும் மிதமான இரவும் முதல். 2020ல் ஊரடங்கு வந்து விமானங்கள் நின்றபோது, பறித்த பூவைக் குப்பையில் கொட்டவேண்டி வந்ததையும் இந்த வட்டாரத்துக்காரர்கள் மறக்கவில்லை. பூவைத் தின்ன முடியாது என்பது அப்போது தெரிந்தது.

அதை முன்பே அறிந்திருந்த ஓசூர்க்காரர் ஒருவர் உண்டு. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ல் பிறந்த ராஜாஜி, 1948ல் கவர்னர் ஜெனரலாக டில்லி மாளிகைக்குக் குடிபோனார். அங்கே லட்யன்ஸ் வரைந்து, மஸ்டோ என்ற தோட்ட நிபுணர் பயிரிட்ட மொகல் தோட்டம் இருந்தது. 2023லிருந்து அதற்கு அம்ருத் உத்யான் என்று பெயர். நாட்டில் தானியப் பஞ்சம். ராஜாஜி ரோஜாப் பாத்திகளைக் கண்டு மயங்கி நிற்கவில்லை. மாளிகை நிலத்தில் ஒரு பகுதியைத் தாமே உழுது தானியத்துக்கு ஒதுக்கினார். பெங்களூரும் ஓசூரும் பழகிய மனிதர் பூவை வெறுத்திருப்பார் என்று நான் நம்பவில்லை. எந்த வருஷத்துக்கு எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆகையால், கேட்டவர்களுக்கு நான் சொல்வது: புரட்டாசியில் ஸ்வீட் பீ ஊன்றுங்கள், பக்கத்தில் நாலு அவரையும் போடுங்கள். பியோனிக் கிழங்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். பெரிய அடுக்குப் பூதான் வேண்டுமென்றால் டேலியா இருக்கிறது, தாஜ்மஹால் இருக்கிறது.

பியோனியை அதன் வீட்டிலேயே பார்க்க ஆசையுள்ளவர்கள் சீனாவுக்குப் போகவேண்டாம். நம் இமயமலையின் மேற்குப் பக்கத்தில், காஷ்மீரிலிருந்து குமாவோன் வரை, வெள்ளை நிறத்தில் ஒற்றை அடுக்குப் பூவாக ஒரு காட்டுப் பியோனி கோடைத் தொடக்கத்தில் பூக்கிறது. காஷ்மீரத்தில் அதை மாமேக் என்கிறார்கள். பியோனி வேரைக் குழந்தையின் கழுத்தில் கட்டினால் காக்காய்வலிப்பு நிற்கும் என்று கிரேக்க வைத்தியர் கேலன் எழுதிவைத்தார். அந்த வைத்தியம் அரபு தேசம் வழியாக யூனானியாக நம் நாட்டுக்கு வந்தது. யூனானி மருந்துச் சரக்கில் ஊத் சலீப் என்று சொல்லும் உலர்ந்த வேர் பியோனியின் வேர்தான். சக்கரவர்த்தினிக்கும் கம்பெனிக்கும் கட்டுப்படாத பூ, ஹக்கீமின் அலமாரியில் பொட்டலமாகக் கட்டிவைக்க மட்டும் சம்மதித்திருக்கிறது.